மருதாம்பாள் சொன்ன சேதி

கீழ்ப்பாறை எஸ்டேட்டில் மருதாம்பாளின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மேல் லைனின் முனையில் நின்று அவள் ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், பள்ளத்தில் இருக்கிற கீழ் லைனில் அந்தப் பிள்ளையின் தாய் அடுப்பிலிருந்து தலையைத் தூக்குவாள். சிலோனில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள் அவள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு அங்கே அதுதான் பேர். பால் கொடுக்கிற நேரம் வந்தால் மலையில் நிற்கிற தாயை வாசலில் இருந்தே கூப்பிட வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை.

அண்ணன் இருளப்பன், அண்ணி அன்னக்கிளி, அவர்கள் மகள் சின்னம்மை இவர்களோடுதான் அவள் கப்பலேறி வந்தாள். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் என்று பேர் வந்தபோது அவளுடைய புருஷன் இறந்து போயிருந்தான். பிள்ளை கிடையாது. மண்டபம் முகாமில் கொஞ்ச காலம், பிறகு லாரி, பிறகு ஓவேலிப் பக்கத்து இந்த மலை. ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடத்திலும் அதே தேயிலை, அதே பனி, வரிசையாக ஒட்டிக் கட்டிய அதே ஓரறை வீடுகள். அங்கே லயம் என்றதை இங்கே லைன் என்றார்கள். அக்கம்பக்கத்தார் இவர்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள்.

இரண்டு லைன்களுக்கும் நடுவில், தேயிலைக்குள், தகரக் கூரை போட்ட ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே வாத்தியார். லிங்கசாமி என்று பேர், அன்னூர்ப் பக்கத்துக்காரர். குளிருக்குப் பயந்து வருஷம் பூராவும் மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துச் சமாளித்தார். மருதாம்பாள் அங்கே மதியச் சாப்பாடு சமைக்கிறவள். அரசாங்கம் அனுப்பும் கோதுமை ரவையை எண்ணெய் விட்டுக் கிளறிப் போடுவாள். பாதிப் பிள்ளைகள் அதற்காகத்தான் வந்தார்கள். அது வாத்தியாருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் கொஞ்சம் எழுத்தும் ஒட்டிக்கொண்டால் சரி என்று இருந்தார். அண்ணன் மகள் சின்னம்மை இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அத்தை சமைக்கிற பள்ளிக்கூடம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் காலரா வந்தது. உலகம் முழுக்கச் சுற்றி வருகிற வியாதி, பல தேசங்களில் ஆட்கள் சாகிறார்கள் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்கள். லைனில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் நடக்கிற எதுவும் அவர்களைத் தேடி வந்ததில்லை. மேல் லைனில் ஒரு கிழவர் காலையில் வாந்தி எடுத்தார், சாயங்காலம் கண்கள் உள்ளே போய் முகமே மாறிப்போயிற்று, மறுநாள் இல்லை. அதன் பிறகு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கூட்டம் கூடக்கூடாது, ஒரு லைன் ஆட்கள் அடுத்த லைனுக்குப் போகக்கூடாது என்றார்கள். லிங்கசாமி வாத்தியாருக்குப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சேதி அனுப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது. எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரிந்தவர்கள் லைனுக்கு ஒருவரோ இருவரோதான். அவர் மருதாம்பாளைக் கூப்பிட்டார். வாரத்துக்கு ஒருமுறை அவர் சொல்வதை அவள் கேட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு லைனின் முனையிலும் நின்று எல்லா வாசலுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது.

முதல் தடவை போனபோது பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, திறக்கிற நாளைப் பிறகு சொல்வோம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் கோதுமை ரவையைப் பங்கு போட்டு வீட்டுக்கே தருகிற ஏற்பாட்டைச் சொன்னாள். சாக்கைத் தலையில் சுமந்து போய், வாசலில் வைத்த பாத்திரங்களில் அவளே அளந்து கொட்டினாள். வயிற்றுப்போக்கு கண்டால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை, சுகாதார இலாகாக்காரர் சொன்னதை, அவள் தன் பாஷையில் மாற்றிச் சொன்னாள். அப்படிச் செய்த இரண்டு வீடுகளில் ஆட்கள் பிழைத்தார்கள். அது லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

ஊசி போட ஜீப் வந்தபோது முதலில் யாரும் வெளியே வரவில்லை. ஊசி போட்டால் கை வீங்கும், காய்ச்சல் வரும், மலைக்கு வேலைக்குப் போக ஏலாது என்று பயம். மருதாம்பாள் எல்லோர் முன்னாலும் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். பிறகு சின்னம்மைக்குப் போடச் சொன்னாள். அதற்கப்புறம் பாதிப் பேருக்கு மேல் வந்து போட்டுக்கொண்டார்கள். காய்ச்சலில் படுத்தவர்கள் அவளைத் திட்டினார்கள். எழுந்த பிறகு திட்டவில்லை.

வாத்தியார் சேதியோடு பாடமும் அனுப்பத் தொடங்கினார். மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு, இரண்டாம் வகுப்புக்கு மூன்றாம் வாய்ப்பாடு. மருதாம்பாள் லைன் முனையில் நின்று ஓர் அடியைச் சொல்ல, பிள்ளைகள் அவரவர் வாசற்படியில் நின்று திருப்பிச் சொன்னார்கள். மழைத் தூறலில், சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகள் பனிக்குள்ளிருந்து வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற அந்த நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. சிலோனிலிருந்து வந்த பிறகு தன்னை ஒரு ஆளாக நினைத்தது அந்த வாரங்களில்தான் என்று அண்ணியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அன்னக்கிளி அதற்கு, ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது உனக்கு இது ஒரு சந்தோஷமா என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள்.

தீபாவளி வந்ததே தெரியாமல் போயிற்று. சாவு குறைந்திருந்தது. அப்போதுதான் பள்ளிக்கூடங்களைத் திறக்கலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதனுடன் இன்னொரு பேச்சும் வந்தது. பிள்ளைகள் வராத பள்ளிக்கூடங்களைக் கீழே பஜாரில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்களாம். பஜார் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் சோலைக்காட்டைத் தாண்ட வேண்டும். யானை நடமாடுகிற வழி. கீழ்ப்பாறைப் பிள்ளைகள் ஒருவரும் போகமாட்டார்கள். சாப்பாடும் நின்றுவிடும்.

பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் மேல் லைனுக்குப் பின்னாலிருந்து ஓடி வருகிற ஓடையிலிருந்து வந்தது. அதைத் தொட்டியில் பிடித்து, குழாய் வழியாக, எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிற பீலியில் விழ வைத்திருந்தார்கள். சுகாதார இலாகாக்காரர்கள் தொட்டியில் மருந்து கொட்டினார்கள். சீசாவில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

மருதாம்பாள் வாத்தியாரைக் கேட்டாள். "சோதனை முடிவு வந்திருச்சா மாஸ்டர்?"

"வந்துருமுங்க. மருந்துதான் போட்டாச்சில்லீங்க" என்றார் லிங்கசாமி. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெறக்கச் சொல்லிப்போட்டாங்க. தெறக்குலீன்னா எடுத்துருவாங்க. நானென்ன பண்றதுங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

கோதுமை வாங்கக் கிண்ணத்தை நீட்டிய பிள்ளைகளின் மணிக்கட்டுகளை அவள் பார்த்திருந்தாள். அந்த ஒரு மாதத்தில் அவர்கள் மெலிந்துதான் போயிருந்தார்கள். வீட்டுக்குக் கொடுத்த ரவையை வீடு முழுக்கப் பங்கு போட்டுத் தின்றது. பள்ளிக்கூடம் போய்விட்டால் அதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் இரண்டு லைன்களுக்கும் போய், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, தண்ணீருக்கு மருந்து போட்டாகிவிட்டது, பிள்ளைகளை அனுப்புங்கள் என்று சொன்னாள். மற்ற நாட்களில் கேட்பதைப் போல யாரும் கேள்வி கேட்கவில்லை. கீழ் லைனில் முத்துவேல் மட்டும் வாசலைவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்தான். தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை அவனுக்கு. பொன்னுத்துரை என்று ஏழு வயதுப் பையனும், அதற்குக் கீழே ஒரு பெண்ணும்.

"தண்ணி சுத்தமாயிருச்சாக்கா?" என்று கேட்டான்.

"மருந்து போட்டாச்சுன்னு சொல்லியிருக்காங்க தம்பி."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க என்னாக்கா சொல்றீங்க?"

சோதனை முடிவு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முத்துவேல் அனுப்பமாட்டான்; முத்துவேல் அனுப்பாவிட்டால் கீழ் லைனே அனுப்பாது.

"அனுப்புங்க. எங்கண்ணன் மகளும் வரும்" என்றாள்.

வீட்டில் அன்னக்கிளி பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று நின்றாள். இருளப்பன்தான், தங்கச்சி சொல்கிறாளே, அவள் சொன்னது எதுவும் இதுவரை தப்பாகவில்லையே என்று சமாதானப்படுத்தினான். திங்கட்கிழமை காலையில் மருதாம்பாள் சின்னம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு லைன்கள் வழியாகவும் நடந்தாள். நேராகப் பள்ளிக்கூடம் போயிருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்று சுற்றிக்கொண்டு போனாள். வாசல்களிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி அவள் பின்னால் வந்தார்கள். பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. லிங்கசாமி வாத்தியார் பேர் கூப்பிட்டு முடித்ததும் மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குடிக்கிற தண்ணீரை அவள் அண்டாவில் கொதிக்க வைத்துத்தான் ஆறப்போட்டாள். தட்டுகளையும் கொதிநீரில் கழுவினாள். ஆனால் ஒரு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் ஓடி விளையாடிவிட்டு வந்து பீலியில் வாயை வைத்துக் குடித்தார்கள். இரண்டு பேரை அதட்டி இழுத்தாள். அடுப்பைப் பார்க்கத் திரும்பினால் வேறு நான்கு பேர் அங்கே நின்றார்கள். புதன்கிழமை விடாமல் மழை பெய்தது. மேல் லைனுக்குப் பின்னால் ஆட்கள் வெளிக்குப் போகிற சரிவைக் கழுவிக்கொண்டு ஓடை கலங்கலாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பொன்னுத்துரை வரவில்லை. அவனோடு இன்னும் சிலர் வரவில்லை. முற்பகலில் சின்னம்மையே வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினார்கள். பாதையில் மண் சரிந்து கிடந்ததால் அது மேலே ஏற முடியவில்லை. தகப்பன்மார் பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சறுக்கும் மண்ணில் கீழே இறங்கினார்கள். முத்துவேல் முன்னால் போனான். பாதி வழியிலேயே பொன்னுத்துரையின் தலை சாய்ந்துவிட்டது. முத்துவேல் அதைத் தெரிந்துகொண்டும் நிற்காமல் ஜீப் வரைக்கும் இறங்கினான். மேல் லைனைச் சேர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள் கூடலூர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். சின்னம்மை பிழைத்துக்கொண்டாள். அவள் ஊசி போட்டுக்கொண்டவள். அதனால்தானோ, அவளுக்கு வந்ததே லேசாகத்தான் வந்ததோ, யாருக்கும் தெரியாது. ஊசி போட ஜீப் வந்த அன்று பொன்னுத்துரைக்குக் காய்ச்சலாக இருந்தது என்று முத்துவேலின் மனைவி அவனைக் காட்டாமல் வைத்திருந்தாள்.

சோதனை முடிவு அதற்கு அடுத்த வாரம் வந்தது. தண்ணீரில் கிருமி இருந்ததாம். சீசாவில் பிடித்த அன்றைக்கே இருந்ததாம்.

மருதாம்பாள் முத்துவேல் வீட்டுக்குப் போனாள். அடிப்பான், திட்டுவான் என்று நினைத்துத்தான் போனாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து மருந்தடிக்கிற பம்ப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். அவள் அழுதுகொண்டே, முடிவு வரவில்லை என்று தனக்குத் தெரியும் என்பதைச் சொன்னாள். அவன் தையலை நிறுத்தவில்லை.

"ஒங்கள நான் ஒண்ணும் சொல்லலக்கா. இனிமே எங்க லைனுக்குச் சேதி கொண்டுட்டு வராதீங்க" என்றான்.

பள்ளிக்கூடம் மறுபடி மூடப்பட்டது. கார்த்திகை நடுவில், விட்டுப்போனவர்களுக்கு ஊசி போட ஜீப் வருகிறது, சொல்லிவிட்டு வாருங்கள் என்று வாத்தியார் சொன்னபோது மருதாம்பாள் மறுக்கவில்லை. மேல் லைனுக்கும் போனாள், வரவேண்டாம் என்ற கீழ் லைனுக்கும் போனாள். முனையில் நின்று சொன்னாள். கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே ஆள் இருப்பது புகையில் தெரிந்தது. ஊசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், ஊசி நல்லது என்று அவள் சொன்னது உண்மைதான். முன்னே சொன்னதையெல்லாம்விட அதுதான் பெரிய உண்மை. ஜீப் சத்தம் கேட்டதும் ஆட்கள் பின்பக்கமாக இறங்கித் தேயிலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊசி போடுகிறவர்கள் வாசல் வாசலாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போனார்கள்.

மார்கழிக்குள் இன்னும் சிலர் இறந்தார்கள். முத்துவேலின் மனைவி அதில் ஒருத்தி.

பள்ளிக்கூடத்தைப் பஜாரோடு சேர்த்துவிட்டார்கள். லிங்கசாமி வாத்தியாருக்கு ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்தது. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல்தான். சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு மருதாம்பாளைத் தேடி வந்தார். அவள் அண்டாவைக் கவிழ்த்துக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய அண்டா.

"ஏனுங்க மருதாம்பா, தெறக்கலாம்னு நான் போட்ட கையெழுத்துங்க அது. பாவம் புண்ணியம் எல்லாம் என்னையத்தான் சேரும். நீங்க வாயில சொன்னதுதானுங்க" என்றார்.

"அவங்க கையெழுத்தப் பாத்து அனுப்பல மாஸ்டர். என் மூஞ்சியப் பாத்து அனுப்பினாங்க" என்றாள் அவள்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். பிறகு, சின்னம்மையை மட்டும் எப்படியாவது படிக்க வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுவும் அவள் கையில் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முதலில் போன பிள்ளை பிழைத்துக்கொண்டது, பின்னால் போன பிள்ளைகள் செத்தன என்ற பேச்சு லைனில் ஓடியது. யாரும் இருளப்பன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. பீலியடியில் அன்னக்கிளி குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சின்னம்மை வாசலில் விளையாடினால் பக்கத்து வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்தப்படும். தையில் கொடைக்கானல் மலைப் பக்கம் மரம் வெட்டும் வேலைக்கு ஆள் சேர்க்க ஒரு மேஸ்திரி வந்தபோது இருளப்பன் பேர் கொடுத்துவிட்டான். அங்கே குடிசைதான், பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது என்று தெரிந்தேதான் கொடுத்தான். தங்கச்சியையும் கூப்பிட்டான். கூப்பிட்ட விதத்தில் அவள் வரமாட்டாள் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. அன்னக்கிளி மூட்டை கட்டினாள்.

லாரி புறப்படும்போது சின்னம்மை, அத்தை எப்போது வரும் என்று தகப்பனைக் கேட்டாள். பின்னால் வரும் என்று அவன் சொன்னான். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி மருதாம்பாளுக்கு ஒரு தகவலும் வரவில்லை. ஒருமுறை ஒரு மேஸ்திரியிடம் விசாரித்தாள். அந்தக் கூப்பில் மரம் வெட்டுகிற வேலை முடிந்து ஆட்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள் என்றான்.

அவள் கொழுந்தெடுக்கிற வேலையில் பேர் பதிந்துகொண்டாள். அந்த வயதில் புதிதாகக் கூடை கட்டியதில் கழுத்து வலி நிரந்தரமாயிற்று. மலையில் அவளோடு யாரும் சண்டை போடவில்லை, வெற்றிலை கேட்டால் கொடுத்தார்கள். அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவளும் வாயைத் திறப்பது குறைந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் எஸ்டேட்காரர்கள் உர மூட்டைகளை அடுக்கினார்கள்.

அடுத்த ஆனியில் பஜார் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்க அங்கிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். புதிதாக வேலைக்கு வந்தவர், நல்ல சுறுசுறுப்பு. முன்பு வீட்டுக்கு வீடு சேதி சொன்ன ஆள் ஒருத்தி இருக்கிறாளாமே என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு, மலைக்கே ஏறி மருதாம்பாளைத் தேடி வந்துவிட்டார். காட்டைத் தாண்டப் பிள்ளைகளோடு காவலுக்கு ஓர் ஆளை அனுப்ப முயற்சி செய்கிறோம், நீங்கள் ஒருதரம் லைனில் வந்து சொன்னால் போதும் என்றார்.

முயற்சி செய்கிறார்களா, ஆள் போட்டாகிவிட்டதா என்று மருதாம்பாள் கேட்டாள். முயற்சிதான் என்று அந்த அம்மா சொன்னார்.

"என்னால ஏலாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கொழுந்தைப் பறிக்கத் திரும்பிக்கொண்டாள்.

அந்த அம்மா தானே லைனுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். அந்த வருஷம் கீழ்ப்பாறையிலிருந்து ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. முத்துவேல் தன் சின்ன மகளை வீட்டில் விட ஆளில்லாமல் மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் மருந்தடிக்கப் போகிற நேரத்தில் அவள் பெண்களின் நிரையில் நின்று, எட்டுகிற கொழுந்தைக் கிள்ளி யார் கூடையிலாவது போட்டாள். மருதாம்பாளின் கூடையிலும் போட்டாள். மருதாம்பாள் அவளுக்கு எட்டும்படி கூடையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினாள்.